இரண்டு சென்ட் லோரன்ட், ஒரு ஓவ்சைட்

நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை பின்னேரம், சரியான கோல் ஒன்றுக்கு நான் ஓவ்சைட் கொடி தூக்கினேன். கண் தவறித் தூக்கினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். கண் தவறவில்லை. தெரிந்தே தூக்கினேன்.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வார இறுதிகளில் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு லைன்ஸ்மனாக, கோட்டோரம் கொடி பிடிக்கும் துணை நடுவராக, போவேன். அன்று இறுதிப் போட்டி. ஒரு பக்கம் நான் படித்த பட்டணத்துக் கல்லூரி. மறுபக்கம் கடற்கரை ஊரொன்றின் சின்னப் பாடசாலை. அவர்களில் பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. இறுதி வரைக்கும் அவர்கள் வந்ததே எவரும் எதிர்பாராதது. ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம். அன்ரன் என்ற பதினேழு வயதுக்காரன் பந்தை வாங்கி ஓடி வலைக்குள் அடித்தான். பந்து அவனுக்குக் கொடுக்கப்பட்ட கணத்தில் எங்கள் கல்லூரியின் தடுப்பாட்டக்காரன் அவனைவிட இரண்டு முழம் கோல் பக்கமாக நின்றான். ஆகவே அது ஓவ்சைட் இல்லை. அதை நான் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் என்னோடு படித்தவர்கள் நின்றார்கள். கூடாரத்துக்குள் எனக்குப் படிப்பித்த கல்லூரி அதிபர் இருந்தார். கை மேலே போயிற்று.

மேலதிக நேரத்தில் எங்கள் கல்லூரி வென்றது. அன்று மாலை பலர் என் தோளில் தட்டினார்கள். அந்தத் தட்டல்கள் இன்னும் தோளில் இருக்கின்றன.

போன மார்கழியில் மொன்றியலுக்குப் போனேன். என் தங்கை பவளத்துக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள், அவளைப் பார்க்க என்று ஊரில் சொல்லிப் புறப்பட்டேன். அது பாதி உண்மை. மீதியை அவளுடைய மகள் சுபா, தனக்குத் தெரியாமலே, ஒரு வருடத்துக்கு முன்பு தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அவர்கள் பகுதியில் பனிச்சறுக்கு அரங்கொன்றில் வேலை செய்யும் அன்ரன் என்பவர் நல்ல மனிதர், இன்ன கடற்கரை ஊர்க்காரர், இளமையில் உதைபந்து விளையாடியவராம் என்றாள்.

முதல் இரண்டு நாளும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், பவளமும் சுபாவும் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் யன்னலோரம் இருந்தேன். வெளியே போனால் மூக்குக்குள் இருக்கும் மயிர் உறைந்து குத்தியது. பால் வாங்கும் மூலைக்கடையைத் தெப்பனர் என்றார்கள். அங்கே இருந்த பெண் என்னைக் கண்டதும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து "போன்ஜூர், ஹாய்" என்றாள். இரண்டில் எதற்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் கைகூப்பினேன். அவளும் பாலை வைத்துவிட்டுக் கைகூப்பினாள். எங்கள் ஊரில் கடைக்காரர் முகம் நிமிர்த்தாமலே மிச்சக் காசு தருவார். அது பழகிப்போனது. இந்த மரியாதைதான் தடுமாற வைத்தது.

இரண்டாம் நாள் மாலை சுபா அன்ரனின் இலக்கத்தை அழுத்தித் தந்தாள். நான் ஆசிரியராக இருந்தவன் என்பதை அவரிடம் அவள் முன்னமே சொல்லி வைத்திருந்தாள்.

"உங்கட பாடசாலை விளையாடின அந்த இறுதி ஆட்டம் இருக்கல்லோ, அதைப் பாத்தவன் நான்" என்றேன். பார்த்தவன் என்றுதான் சொன்னேன்.

"ஐயோ மாஸ்டர்! அந்த மட்ச் பாத்த ஆக்கள் இன்னும் உயிரோட இருக்கினமோ?" அவருடைய குரல் வீட்டை நிறைத்தது. "நாளைக்கே வீட்டை வாங்கோ. சென்ட் லோரன்ட்டில இருக்கிறன்."

சுபா வேலை முடிந்து வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன், ஒரு மெற்றோ வரைபடத்தைப் பார்க்கத் தெரியாதா? பார்த்தேன். சென்ட் லோரன்ட் என்ற நிலையம் தெளிவாக இருந்தது. ஓரிடத்தில் மாறி ஏறி, சரியாக இறங்கினேன். மேலே வந்தால் அகன்ற தெரு, சாப்பாட்டுக்கடைகள், சுவரொன்றில் மூன்று மாடி உயரத்துக்கு வரைந்த முகம். கையில் இருந்த விலாசத்தைத் தேடி முக்கால் மணி நேரம் நடந்தேன். கடைசியில் ஒரு பெண்ணை நிறுத்திக் காகிதத்தைக் காட்டினேன்.

"இது சென்ட் லோரன்ட் இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். சென்ட் லோரன்ட் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அன்ரனுக்கு எடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதைவிட்டு விலக்க வேண்டியிருந்தது.

"மாஸ்டர், நீங்கள் நிக்கிறது தெரு. நான் இருக்கிறது ஊர். ரண்டுக்கும் ஒரே பேர், ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை. ஆள் வரமுந்தி ஓடிப்போய் ஓவ்சைட்டில நிக்கிறியள்! அசையாதேங்கோ, வாறன்."

ஓவ்சைட். இவருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது, அதனால்தான் வரச் சொன்னார் என்று நினைத்தேன். ஒரு ரொட்டிக் கடைக்குள் ஒதுங்கினேன். நடுவில் ஓட்டையோடு, எள்ளுத் தூவி, வடை போல இருக்கும் ரொட்டி. ஒன்றை வாங்கி, கடித்தேனா என்றுகூட நினைவில்லை, கையில் வைத்தபடி அரை மணி நேரம் இருந்தேன்.

வந்த மனிதருக்கு அறுபது வயது. மொட்டைத் தலை, தடித்த கை, வாயெல்லாம் சிரிப்பு. என்னைப் பிடித்து வாகனத்தில் ஏற்றி, இடுப்புப் பட்டியையும் தானே பூட்டிவிட்டார். போகும் வழியில் அவருடைய தொலைபேசி அடித்தது. "ஓம், ஓவ்சைட்தான் கதைக்கிறன்" என்றார். மறுமுனையில் ஓர் ஆண்குரல், "ஓவ்சைட் அண்ணை, ஞாயிறு பூசைக்கு வரேக்கை அந்த ஏணியைக் கொண்டு வாறியளோ?" என்றது. "ஓம், பேந்து எடு" என்று வைத்தார்.

"ஏன் உம்மை அப்பிடிக் கூப்பிடினம்?" என்றேன்.

"அது பெரிய கதை. சாப்பாட்டோட சொல்லுறன்."

அவருடைய மனைவி றீற்றா புட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தார். கறி நன்றாக இருந்தது என்று எழுதுவது எனக்குப் பொருந்தாது. இருந்தும் உண்மை அதுதான். அன்ரன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே, மாஸ்டர். ஒரு எட்டுப் பொறுத்திருந்தா நாங்கள் சம்பியன். நான் முந்தி ஓடிப்போட்டன். அண்டைக்குப் பஸ்ஸால இறங்கமுந்தியே பேர் வைச்சிட்டாங்கள், ஓவ்சைட் அன்ரன் எண்டு. எங்கட கப்டன் செல்வம்தான் முதல் கூப்பிட்டவன். இப்ப பாரிசில இருக்கிறான், இண்டைக்கும் அப்பிடித்தான் கூப்பிடுறான்."

"கலியாணம் பேசேக்கை அம்மா கேட்டவ, உந்த ஓவ்சைட்டோ மாப்பிள்ளை எண்டு" என்றார் றீற்றா. "அன்ரன் எண்டு ஒருதரும் சொல்லேல்லை. கோயிலில பேர் வாசிக்கேக்கைதான் எனக்கே தெரியும்."

"பேந்து மாவட்ட அணிக்குத் தெரிவு வைச்சவை" என்றார் அன்ரன். "கடிதம் வந்தது. நான் போகேல்லை. லைனைப் பாக்கத் தெரியாதவன் என்ன முகத்தோட போறது? அதுக்குப் பிறகு பந்தையே தொடேல்லை."

"அந்த லைன்ஸ்மன் ஆரெண்டு ஞாபகம் இருக்கோ?" என் குரல் எனக்கே வேறொருவருடையது போலக் கேட்டது.

"ஆர் கண்டது? தொப்பி போட்ட ஒரு மனுசன். அந்தாளில பிழையில்லை, மாஸ்டர். கண்டதைச் செய்தார்."

இத்தனை வருடமாக நான் தயார்ப்படுத்தி வைத்திருந்தது வேறு. அவர் என்னைத் திட்டுவார், நான் தலைகுனிவேன், அதோடு ஒருவிதமாக முடியும் என்று நினைத்திருந்தேன். இங்கே என்னை எப்போதோ விடுதலை செய்துவிட்டிருந்தார். தண்டனையைத் தனக்கே வைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் நான் நல்லவனாகவே ஊர் திரும்பலாம். எது சரி என்று விளங்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்காக இன்னும் இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டேன். றீற்றாவுக்கு மெத்தச் சந்தோசம்.

ஐந்தாம் நாள் அன்ரன் தன் அரங்குக்கு வரச் சொன்னார். நத்தார் விடுமுறை, கிறிஸ்மஸ் முடிந்த நாட்கள். இருபது வயதுக்குட்பட்டோரின் உலக ஐஸ் ஹொக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. அரங்கின் சிற்றுண்டிச்சாலையில் பெரிய தொலைக்காட்சி. கனடாவுக்கு எதிராக பால்டிக் கடலோரத்துச் சின்ன நாடு ஒன்று. பெயரை மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

"பாவங்கள், அடி வாங்கப் போகுதுகள்" என்றார் அன்ரன். அவர் கனடாவின் சிவப்புச் சட்டை போட்டிருந்தார். அரங்கின் தரையைச் சீராக்கும் வண்டியை ஓட்டுவது அவருடைய வேலை. பிள்ளைகள் சறுக்கிக் கீறிய பனித்தரையில் அந்த வண்டி போனால் பின்னால் கண்ணாடி போல ஆகும். அவரோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவரை அறிமுகப்படுத்தினார். பெயர் ஜில். பனி அரங்கில் வேலை செய்பவருக்கு இந்தப் பெயரா என்று நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்பதை அவருக்கு எந்த மொழியிலும் சொல்ல முடியவில்லை. ஜில் அன்ரனைப் பார்த்து "ஓவ்சைட்!" என்று அழைத்துக் கோப்பியை நீட்டினார். அதுதான் அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்றே நினைத்திருந்தாராம்.

பூட்டீன் என்று ஒரு தட்டு வந்தது. மொறுமொறுப்பாகப் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் வெண்ணிறப் பாற்கட்டியைப் போட்டு, அதன் மேல் குழம்பை ஊற்றி மெதுமெதுப்பாக்கி விடுகிறார்கள். அப்படியானால் ஏன் பொரித்தார்கள்?

ஆட்டமும் அப்படித்தான் இருந்தது. பந்து இல்லை, போத்தல் மூடி போன்ற கறுப்பு ரப்பர் வில்லை. அது எங்கே இருக்கிறதென்று என் கண்ணுக்கு ஒரு தரமும் அகப்படவில்லை. ஆட்டம் நடக்கும்போதே ஆட்கள் வேலி பாய்ந்து போகிறார்கள், வேறு ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். கனடா இரண்டு கோல் போட்டது. சின்ன நாடும் எப்படியோ இரண்டு போட்டது. அறையில் இருந்த நாற்பது பேரும் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்தினார்கள்.

முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, தாடி இன்னும் சரியாக முளைக்காத ஒருவன் தனியாக வந்து மூன்றாவதைப் போட்டான்.

"தபர்நாக்!" என்று கத்தினார் ஜில். பின்வரிசையிலிருந்து "காலீஸ்!" என்று ஒரு கிழவியின் குரல்.

"செபம் சொல்லுகினமோ?" என்று கேட்டேன்.

"தூஷணம் மாஸ்டர். இவங்கட கெட்ட வார்த்தை முழுக்கக் கோயில் பீடத்துச் சாமான். நற்கருணைப் பேழை, பூசைப் பாத்திரம்… வந்த புதிசில நானும், என்ன பக்தியான சனம் எண்டு நினைச்சனான்."

கனடாவின் பயிற்சியாளர் கை தூக்கினார். ஆட்டம் நின்றது. அறிவிப்பாளர் திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொன்னார்: ஓர்-ஜு.

"அது என்ன?"

"ஓவ்சைட் மாஸ்டர்" என்றார் அன்ரன். "இதிலயும் இருக்கு. அந்த நீலக்கோட்டை வில்லைக்கு முந்தி ஆள் தாண்டக் கூடாது. தாண்டினவன் எண்டு இவங்கள் சொல்லுறாங்கள். இப்ப படம் போட்டுப் பாப்பாங்கள்."

திரையில் வரிச்சட்டை போட்ட லைன்ஸ்மன் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கையகலத் திரையொன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சறுக்குச் சப்பாத்தின் நுனியும் நீலக்கோடும் பெரிதாக வந்தன. முன்னே, பின்னே, திரும்பவும் முன்னே. நான் என் வலது கையை மேசைக்குக் கீழே இறக்கினேன்.

"பாருங்கோ, எத்தினை நிமிசமாப் பாக்கிறார்" என்றார் அன்ரன் மெதுவாக. "என்ர லைன்ஸ்மனுக்கு உந்த வசதி இல்லை. அரைச் செக்கன். இருந்தும் மனுசன் சரியாத்தான் செய்தார்."

லைன்ஸ்மன் நிமிர்ந்தார். பெரிய நடுவர் மைதான நடுவுக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினார். கோல் சரி. கேள்வி கேட்ட குற்றத்துக்குக் கனடாவுக்கே இரண்டு நிமிடத் தண்டனை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஒன்றும் விளங்காதது. பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். சிலர் தட்டத் தொடங்கினார்கள். எதிரணிக்கு ஏன் தட்டுகிறார்கள்? அந்தச் சின்ன நாட்டின் கோல்காப்பாளன் வருடம் முழுவதும் இங்கே கெபெக் மாகாணத்தின் ஒரு சிறு நகர அணிக்கு விளையாடுபவனாம். "நம்ம பெடியன், நம்ம பெடியன்" என்று கிழவி பிரெஞ்சில் சொல்லிச் சொல்லித் தட்டினாள். கொஞ்சம் முன்பு பூசைப் பாத்திரத்தால் திட்டியவளும் அவள்தான். ஜில் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் மேசையைத் தட்டினார். சிவப்புச் சட்டையோடு அன்ரன் எழுந்து நின்று, "நல்ல கோல்! நல்ல கோல்!" என்று தமிழில் கத்தினார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

"அன்ரன், நீர் முந்தி ஓடேல்லை" என்றேன்.

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன மாஸ்டர்?" என்று காதைக் கொண்டுவந்தார். அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. கடைசி நிமிடத்தில் கனடா தன் காப்பாளனையும் வெளியே எடுத்து, பதிலுக்கு இன்னொரு ஆட்டக்காரனை விட்டுத் தாக்கியது. எல்லோரும் திரும்பினார்கள். நான் காத்திருந்தேன். சங்கு ஊதியது. மூன்றுக்கு இரண்டு. திரையில் தோற்ற பிள்ளைகள் மட்டையில் சாய்ந்து அழுதார்கள். அறை ஒரேயடியாக அமைதியானது. அது தெரியாமல் நான் பழைய சத்தத்துக்கு ஏற்றபடி கத்திவிட்டேன்.

"நீர் முந்தி ஓடேல்லை! கொடி தூக்கினது நான்! தெரிஞ்சுகொண்டு தூக்கினனான்!"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் தமிழ் விளங்கக்கூடியவர் ஒருவர்தான்.

அன்ரனின் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லப் போனது. மீதியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். கல்லூரி, நண்பர்கள், கூடாரத்தில் இருந்த அதிபர், இரண்டு முழம் உள்ளே நின்ற தடுப்பாட்டக்காரன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஐஸ் போட நேரம்" என்று சொல்லி எழுந்து போனார்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்த வண்டி வெளியே வந்தது. ஓரமாக ஒரு சுற்று, பிறகு உள்ளே இன்னொரு சுற்று. ஒவ்வொரு தரமும் என்னைக் கடக்கும்போது நேரே பார்த்துக்கொண்டு போனார். தரை முழுவதும் பளபளத்த பின்பும் அவர் நிறுத்தவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். ஜில் வந்து என் தோளில் கை வைத்து, "அழாதேங்கோ ஐயா, அடுத்த வருடம் வெல்லுவோம்" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். ஓம் என்று தலையாட்டினேன். தோளில் தட்டுவாரோ என்று பயந்தேன், நல்லவேளை, தட்டவில்லை.

அன்ரன் திரும்பி வந்தபோது கையில் தொலைபேசி இருந்தது.

"எனக்குச் சொன்னது காணாது. இவனுக்கும் சொல்லுங்கோ."

திரையில் நரைமீசையோடு ஒருவர். பாரிசில் இருக்கும் கப்டன் செல்வம். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், செய்ததைச் சொன்னேன்.

"டேய் ஓவ்சைட், என்னடா பகிடி இது?" என்றார் செல்வம்.

"பகிடியில்லை. கேள்" என்றார் அன்ரன்.

திரும்பவும் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கடினமாக இருந்தது. பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப அது கோலோ?"

"கோல்தான்."

"அப்ப நான் குடுத்த பாஸ் சரியான நேரத்தில குடுத்ததோ?" செல்வத்தின் குரல் உயர்ந்தது. "அன்ரன்! கேட்டியே? பாஸ் சரியாம்!" சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அன்ரன் என்று கூப்பிட்டதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்திருக்க வேண்டும். பிறகு செல்வம் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், உங்களை என்ன சொல்லித் திட்டுறதெண்டு தெரியேல்லை. ஒண்டு செய்யுங்கோ. அந்தப் பேர் உங்கட. நீங்களே கொண்டு போங்கோ."

"தாரும்" என்றேன்.

அன்ரன்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். இடுப்புப் பட்டியை இம்முறை நானே பூட்டினேன். வாசலில் இறங்கும்போது, மன்னிப்பீரோ என்று கேட்டேன்.

"மாஸ்டர், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நாப்பத்திமூண்டு வருசமா நான் ஒரு ஆள். இப்ப நான் ஆர்? பேந்து கதைப்பம்."

பேந்து என்றால் எங்கள் பேச்சில் பிறகு என்று பொருள். பத்து நிமிடமும் பேந்துதான், பத்து வருடமும் பேந்துதான். எனக்கு எழுபத்தாறு வயது. எப்போது என்று கேட்கத் துணிவு வரவில்லை.

மீதி நாட்களில் அவர் வரவில்லை, எடுக்கவும் இல்லை. பவளம் முழங்காலை நீட்டியபடி, "அண்ணை, சொல்லாமல் விட்டிருந்தா அந்த மனுசன் நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். "சொன்னதுதான் சரி, மாமா" என்றாள் சுபா. தாயும் மகளும் இதை வைத்து இரண்டு நாள் சண்டை பிடித்தார்கள். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. புறப்படும் நாள் காலையில் றீற்றா மட்டும் ஒரு பொதியோடு வந்தார். மேப்பிள் மரத்துப் பாணி, இனிப்புப் பாகு, ஒரு போத்தல். மேலே ஒட்டிய துண்டில் "ஓவ்சைட் மாஸ்டருக்கு" என்று எழுதியிருந்தது. "பேர் நான்தான் எழுதினனான். அவருக்குத் தெரியாது" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு, செல்வம் நடத்தும் அவர்களுடைய பாடசாலைப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதி, என் பெயரும் போட்டேன். லண்டனிலிருந்து ஒருவர் நன்றாகவே திட்டினார். சுவிசிலிருந்து ஒருவர், செத்துப் போகமுன் சொன்னதற்கு நன்றி என்றார். எல்லோரும் என்னை ஓவ்சைட் மாஸ்டர் என்றுதான் விளிக்கிறார்கள். அன்ரனும் அந்தக் குழுவில் இருக்கிறார். ஒரு சொல்லும் எழுதவில்லை. அழுத்திப் பார்த்தால், அவர் பெயருக்கு நேரே, நான் எழுதியதைப் படித்ததற்கான நீலக்கோடுகள் இரண்டும் விழுந்திருந்தன. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் போனது. மாசியில் ஒரு காலை, தேத்தண்ணீரில் அந்தப் பாணியை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கனடா இலக்கம்.

"ஓவ்சைட்டோ கதைக்கிறது?"

குரலை அறிந்துகொண்டேன். "ஓம், ஓவ்சைட்தான் கதைக்கிறன்."

பின்னால் அந்த வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இஞ்ச அன்ரன் கதைக்கிறன்" என்றார்.